நாலு முழ வேட்டி சூரியனைவிட நூறு மடங்கு அகலம்! தெரியுமா?

வெளுத்த நாலு முழ வேட்டி ஒன்றை எடுத்து விரித்துப் பிடியுங்கள். கரையிலிருந்து கரை வரை ஏறக்குறைய நாலடி இருக்கும். அதை உங்கள் முகத்திலிருந்து நாலடி தள்ளி நிறுத்தச் சொல்லுங்கள். இப்போது உங்கள் முகத்துக்கு அந்த வேட்டி சூரியனைவிட நூறு மடங்கு அகலம்! கதை இல்லை, சுத்தமான கணக்கு! சூரியனின் குறுக்களவு 13,92,000 கிலோமீட்டர். ஆனால் அது நிற்பதோ 15 கோடி கிலோமீட்டர் தூரத்தில். அவ்வளவு தள்ளி நிற்பதால் நம் வானத்தில் அது அடைத்துக்கொள்ளும் இடம் வெறும் 0.53 டிகிரி. நாலடி தூரத்தில் நிற்கும் நாலடி வேட்டி அடைத்துக்கொள்வது 53 டிகிரி!

அதனால் என்ன என்கிறீர்களா? சினிமாவில் ஒரு முகத்தைப் பார்த்து, பட்டுப்போல இருக்கிறதே என்று சொக்கிப்போகிறோமே, அந்த வெளிச்சத்தின் ரகசியம் முழுக்க இந்த ஒரு கணக்கில்தான் இருக்கிறது! வெளிச்சம் மென்மையாவது விளக்கின் விலையால் அல்ல. விளக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதால்தான்! சின்ன இடத்திலிருந்து வரும் வெளிச்சம் மூக்கின் ஒரு பக்கத்தில் பட்டு, மறுபக்கத்தில் கத்தியால் வெட்டியதுபோல நிழல் போடும். பெரிய இடத்திலிருந்து வந்தால், மூக்கு மறைத்த இடத்துக்கும் பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் எட்டிப் பார்த்துவிடும். நிழலின் ஓரம் கரைந்துபோகும். உச்சி வெயிலில் நிற்கும்போது ஒரு மேகம் வந்து மூடினால் உங்கள் நிழல் காணாமல் போகிறதே, கவனித்திருக்கிறீர்களா? சூரியன் எங்கும் போய்விடவில்லை. அந்த நொடியிலிருந்து உங்களுக்கு விளக்கு சூரியன் இல்லை, மேகம்!

இன்னொன்று சொன்னால் நம்பமாட்டீர்கள். நிலா வெளிச்சம் மென்மையானது என்று காலகாலமாகச் சொல்லி வருகிறோம். பௌர்ணமி இரவில் மொட்டை மாடிக்குப் போய், தெருவிளக்கு படாத மூலையில் நின்று, தரையில் விழும் உங்கள் நிழலைப் பாருங்கள். கைவிரல்களைக்கூட எண்ணலாம்! மத்தியான வெயில் போடும் நிழலைப்போல அத்தனை கூர்மை. ஏனென்றால் நிலாவும் வானத்தில் அடைத்துக்கொள்வது அதே அரை டிகிரிதான். வெளிச்சம் மங்கலாக இருப்பது வேறு, மென்மையாக இருப்பது வேறு. இது புரிந்த நாளில் எனக்கு ஒரு கதவு திறந்தது. அதுவரை விளக்கின் பலத்தைக் குறைத்துக் குறைத்துப் பார்த்துவிட்டு, முகம் ஏன் இன்னும் கரடுமுரடாகவே இருக்கிறது என்று மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தேன்.

உலக சினிமாவையே மாற்றிய ஒரு வெள்ளைத்துணி இருக்கிறது, தெரியுமா? இதைச் சற்று நின்று சொல்ல வேண்டும். 1956-இல் வந்த சத்யஜித் ராயின் 'அபராஜிதோ'. கதையின் முதல் பகுதி காசியில் நடக்கிறது. காசியின் பழைய வீடுகளில் நடுவே ஒரு முற்றம் இருக்கும். மேலே திறந்த வானம். நாலு பக்கமும் உயர்ந்த சுவர் என்பதால் வெயில் நேராக இறங்காது. வானத்தின் வெளிச்சம் மட்டும் மெத்தென்று வந்து படியும். நிழலே இல்லாத வெளிச்சம்! அந்த வீட்டை கல்கத்தாவில் ஸ்டுடியோவுக்குள் செட் போட்டு எடுக்க முடிவானது. மழைக்காலம் குறுக்கிட்டுவிடுமோ என்ற பயம் ஒரு காரணம். செட் போட்டவர் கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தா. ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா கூடவே கூடாது என்று மல்லுக்கு நின்றார். ஸ்டுடியோ விளக்குகளை வைத்துக்கொண்டு வானத்தின் வெளிச்சத்தை எப்படிக் கொண்டுவருவது? மூலைக்கு மூலை நிழல் விழுந்து குட்டு உடைந்துபோகுமே!

அவர் பேச்சு எடுபடவில்லை. செட் எழுந்தது. அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை. முற்றத்துக்கு மேலே, வானம் இருக்க வேண்டிய இடத்தில், ஒரு வெள்ளைத்துணியைச் சட்டம் அடித்து இழுத்துக் கட்டினார். விளக்குகளை நடிகர்களின் பக்கம் திருப்பாமல், கீழிருந்து அந்தத் துணியைப் பார்த்துத் திருப்பினார். துணியில் பட்டுச் சிதறித் திரும்பி வந்த வெளிச்சம் முற்றத்தில் இறங்கியது. காசி வானமே இறங்கியதுபோல! பார்த்தவர்கள் அது செட் என்றே நம்பவில்லை. படம் 1957-இல் வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் வென்றது. அந்தத் துணியைக் கட்டியபோது மித்ராவுக்கு வயது இருபத்தைந்துதான்! அதற்கு முன் அவர் ஒளிப்பதிவு செய்திருந்த படம் ஒன்றே ஒன்று. அது 'பதேர் பாஞ்சாலி'. அந்தப் படம் தொடங்கும்வரை அவர் சினிமா கேமராவைக் கையாண்டதே இல்லை! இன்று எந்தப் படப்பிடிப்புத் தளத்துக்குப் போனாலும் லைட்மேன்கள் தெர்மாகோல் பலகையைத் தூக்கிப் பிடித்து 'பவுன்ஸ்' கொடுக்கிறார்கள் இல்லையா, அதற்கு முன்னோடிகளில் ஒருவர் கல்கத்தாவின் இந்த இளைஞர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? பல ஆண்டுகள் கழித்து, இந்த முறையை ஐரோப்பாவில்தான் கண்டுபிடித்தார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியபோது, நாங்கள் எப்போதோ செய்துவிட்டோம் என்று ராயே சுட்டிக்காட்ட வேண்டியிருந்தது.

வெள்ளைத்துணிக்கும் சினிமாவுக்கும் உறவு அதைவிடப் பழையது. மின்விளக்கு வசதி இல்லாத மௌனப்பட நாட்களில் பல செட்டுகளுக்குக் கூரையே கிடையாது. கலிபோர்னியாவின் திறந்தவெளி மேடைகளில் வெயிலை வடிகட்ட மெல்லிய பருத்தித்துணியைத்தான் மேலே கட்டினார்கள். பாரிஸ் பக்கத்தில் மோன்த்ராய் என்ற ஊரில் சினிமா முன்னோடி மெலியேஸ் 1897-இல் கட்டிய ஸ்டுடியோவுக்குச் சுவரும் கூரையும் கண்ணாடி! சென்னையில் நடராஜ முதலியார், தென்னிந்தியாவின் முதல் கதைப்படமான 'கீசக வதம்' எடுத்ததும் சூரியனை நம்பித்தான். இன்றைக்கும் நம் படப்பிடிப்புகளில் வெயிலுக்குக் குறுக்கே ஸ்கிம்மர் கட்டுகிறார்களே, அது அந்தப் பழைய துணியின் பேரப்பிள்ளை!

சரி, என் கதைக்கு வருகிறேன். பாளையங்கோட்டையில் என் அத்தை வைக்கும் சொதிக்கு ஊரே அடிமை. அவர் சமைப்பதை ஒரு வீடியோவாக எடுத்துவிட வேண்டும் என்று கிளம்பினேன். வாடகைக்கு ஓர் எல்.இ.டி. பேனல் எடுத்துப்போய் நேராக அவர் முகத்துக்கு அடித்தேன். நெற்றியில் எண்ணெய் வழிவதுபோலப் பளபளப்பு. கன்னத்தில் மூக்கின் நிழல் கறுப்பாக ஒட்டிக்கொண்டு நின்றது. கேமராவில் பார்த்துவிட்டு அத்தை, "ஏ மருமவனே, இது நானா? போஸ்ட்மார்ட்டத்துக்குக் கொண்டுபோன மாதிரில்லா இருக்கு!" என்றார். மனசு விட்டுப்போனது. பேனலை அப்படியே சுவர்ப்பக்கம் திருப்பினேன். ஒரு நொடியில் முகம் மாறியது! நிழல் போனது, சுருக்கங்கள் எல்லாம் அழகாயின. ஆனால் அத்தை பச்சையாகிவிட்டார். சுவருக்கு அடித்திருந்தது பிஸ்தா பச்சை பெயின்ட்!

வெளிச்சம் எதில் பட்டுத் திரும்புகிறதோ அதன் நிறத்தையும் வாரிக்கொண்டு வரும். மஞ்சள் சுவர் முகத்தில் மஞ்சள் பூசும். செம்மண் தரை தாடைக்கு அடியில் செம்மையை ஏற்றும். வெயிலில் புல்வெளியில் எடுத்த கல்யாணப் போட்டோக்களைப் பாருங்கள், மாப்பிள்ளையின் தாடைக்குக் கீழே பச்சை அடித்திருக்கும்! அன்று மாமாவின் துவைத்த வேட்டியை எடுத்துச் சுவர் முழுக்க ஆணியில் மாட்டினேன். தங்கக்கலர் கரை தெரியாமல் உள்ளே மடித்துவிட்டேன். பேனலை வேட்டிக்கு அடித்தேன். அத்தை அத்தையாகவே வந்தார்!

வேட்டியிலும் ஒரு விஷயம் இருக்கிறது, தெரியுமா? கடையிலிருந்து வந்த புது வேட்டி அப்படிக் கண்ணைப் பறிக்கும் வெள்ளையாக இருப்பதற்குக் காரணம், அதில் ஏற்றியிருக்கும் வெண்மையூட்டிகள். கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை வாங்கி, நீலமாக மாற்றித் திருப்பித் தரும் ரசாயனம் அது. நாம் போடும் சோப்புத்தூளிலும் இருக்கிறது. ஆகவே வெயிலில் வெளுத்த வேட்டியைப் பிடித்தால் முகத்தில் லேசாக நீலம் தட்டும். அதுவே வெளுக்காத காடா துணியைப் பிடியுங்கள். இளஞ்சூடான, வெண்ணெய் நிற வெளிச்சம் வரும்! ஹாலிவுட்டில் வெளுக்காத மஸ்லின் என்று கேட்டு வாங்கிக் கட்டுவது நம்மூர் ஜவுளிக்கடையில் மீட்டர் கணக்கில் கிழித்துத் தரும் இந்தக் காடாவின் உடன்பிறப்பைத்தான். ரோஜர் டீக்கின்ஸ் போன்ற உலகம் கொண்டாடும் ஒளிப்பதிவாளரே மஸ்லின் துணியை வளைத்துக் கட்டி, அதில் விளக்கை அடித்துத் திருப்புகிறார். சாதாரண வீட்டு பல்புகளை வளையமாக மாட்டிச் செய்த விளக்குகளையும் பயன்படுத்துகிறார்!

வெள்ளை ஏன் வெள்ளையாக இருக்கிறது என்று யோசித்ததுண்டா? ஒரு கல் உப்பை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள், கண்ணாடி மாதிரி ஊடே தெரியும். அதையே அம்மியில் வைத்துப் பொடியுங்கள், பால் வெள்ளை! பொருள் மாறவில்லை. பொடியின் கோடிக்கணக்கான முகங்களில் ஒளி பட்டு, வளைந்து, தெறித்து, எல்லாப் பக்கமும் வெளியே வருகிறது. அந்தச் சிதறலுக்குப் பெயர்தான் வெள்ளை. சர்க்கரைக்கும் அதே கதை, சோப்பு நுரைக்கும் அதே கதை. தெர்மாகோல் இருக்கிறதே, அதன் கொள்ளளவில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் வெறும் காற்று! ஒளி சிதற அதற்குள் எண்ணற்ற சின்னச் சின்ன அறைகள். புது டிவி வாங்கினால் அட்டைப்பெட்டியோடு குப்பைக்குப் போகும் அந்தத் துண்டு, அருமையான பவுன்ஸ் பலகை. தூக்கிப் போட்டுவிடாதீர்கள்!

அடுத்தது பஜ்ஜி. ஆமாம், பஜ்ஜிதான்! டீக்கடையில் பஜ்ஜியைக் காகிதத்தில் வைத்துக் கொடுத்தால் எண்ணெய் ஊறிய இடம் மட்டும் கண்ணாடி போலாகி, அடியில் விரல் தெரிகிறதே, ஏன்? காகிதம் வெள்ளையாக இருப்பது அதன் நார்களுக்கு இடையே காற்று புகுந்திருப்பதால். அந்தச் சந்துகளில் எண்ணெய் நிரம்பிவிட்டால் ஒளி நாருக்கும் எண்ணெய்க்கும் வித்தியாசம் காணாமல் பெரும்பாலும் தடங்கலின்றி ஊடுருவிவிடும். இந்த எண்ணெய்ப் பொட்டை வைத்தே விஞ்ஞானி புன்சன் 19-ஆம் நூற்றாண்டில் ஒரு வெளிச்சமானி செய்தார், தெரியுமா? ஆய்வுக்கூடத்து புன்சன் பர்னரில் இருக்கிறதே அதே பெயர், அவரேதான்! வெள்ளைக் காகிதத்தின் நடுவே ஒரு சொட்டு எண்ணெய். காகிதத்தின் இரு பக்கமும் இரண்டு விளக்கு. ஒரு பக்கம் வெளிச்சம் கூடுதலாக இருந்தால் பொட்டு தனியாகத் தெரியும். இரு பக்கமும் சமமானதும் பொட்டு மறைந்துபோகும்! காசு கொடுத்து லைட் மீட்டர் வாங்க முடியாதவர் இன்றைக்கும் இரண்டு விளக்கை இப்படிச் சமன் செய்து பார்க்கலாம். நான் செய்து பார்த்தேன். பொட்டு கரைந்து மறையும் அந்தக் கணத்தில் கை தட்டிவிட்டேன்.

இனி விளக்கே செய்துவிடலாம். மீன் மார்க்கெட்டுக்குப் போங்கள். ஐஸ் போட்டு மீன் வரும் தெர்மாகோல் பெட்டி கேட்டால் கிடைக்கும். சோப்புத் தண்ணீரில் கழுவி, எலுமிச்சைத் தோலால் தேய்த்து, இரண்டு நாள் வெயிலில் காயவிட்டால் வாடை போய்விடும். ஒரு ரீப்பர் கட்டையில் நாலு ஹோல்டரை வரிசையாக அடித்து, 9 வாட் எல்.இ.டி. பல்பு நாலு மாட்டி, கட்டையைப் பெட்டிக்குள் குறுக்கே நிறுத்துங்கள். பல்பு எதுவும் தெர்மாகோலைத் தொடக்கூடாது. சூடு வெளியேறப் பின்பக்கம் நாலைந்து ஓட்டை போட்டுவிடுங்கள். வயரிங் வேலையை எலக்ட்ரீஷியன் கையில் கொடுங்கள், இதில் கஞ்சத்தனம் வேண்டாம். பெட்டியின் வாயை டிரேசிங் பேப்பரால் மூடித் துணி கிளிப் போடுங்கள். பல்புக்கும் பேப்பருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். இப்போது சுவிட்சைப் போட்டுப் பேப்பரைப் பாருங்கள். நாலு பல்பும் தனித்தனி வட்டமாகத் தெரிந்தால் நீங்கள் செய்திருப்பது நாலு சின்ன விளக்கு. இடைவெளியைக் கூட்டுங்கள், அல்லது இன்னொரு பேப்பர் போடுங்கள். வட்டங்கள் கரைந்து, பேப்பர் முழுக்க ஒரே சீராக வெளுத்து நிற்கிறதா? கடையில் ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் சாஃப்ட்பாக்ஸ் உங்கள் வீட்டில் பிறந்துவிட்டது!

மொத்தம் 36 வாட்! பழைய சீலிங் ஃபேன் ஒன்று இழுக்கும் மின்சாரத்தில் பாதிகூட இல்லை. ஆனால் வெளிச்சமோ பழைய 60 வாட் குண்டு பல்பு நாலுக்கு ஈடு. அந்தக் குண்டு பல்பு வாங்கிய மின்சாரத்தில் பெரும்பகுதியைச் சூடாக்கியே தீர்த்துவிடும். அதனால்தான் கண்டிப்பாகச் சொல்கிறேன், தெர்மாகோல் பெட்டிக்குள்ளோ காகிதத்துக்குப் பக்கத்திலோ குண்டு பல்பையோ ஹாலஜனையோ வைக்கவே வைக்காதீர்கள். ஹாலஜன் காகிதத்தைப் பற்றவைத்துவிடும், தெர்மாகோல் உருகி எரியும். நம் தலைமுறைக்கு இந்த வாய்ப்பைத் தந்தது நீல எல்.இ.டி. நீல ஒளியின் மேல் மஞ்சள் பாஸ்பரைப் பூசினால் வெள்ளை! அந்த நீலத்தைக் கொண்டுவந்த அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் கிடைத்தது.

கரன்ட் போன இரவில் போன் டார்ச்சின் மேல் தண்ணீர் பாட்டிலை வைப்போமே, அதில் ஒரு சொட்டுப் பால் விட்டுப் பார்த்திருக்கிறீர்களா? ஒரே ஒரு சொட்டு! அதுவரை கூரையில் திட்டாக அடித்த வெளிச்சம், பாட்டில் முழுக்கப் பரவி, பாட்டிலே விளக்காகி நிற்கும். பாலில் மிதக்கும் கொழுப்புத் துளிகளும் புரதத் துகள்களும் ஒளியைப் பிடித்துப் பிடித்து நாலா பக்கமும் எறிகின்றன. அதற்கு அருகே ஒரு குழந்தையை உட்காரவைத்துப் போனில் படம் எடுத்துப் பாருங்கள். ஓவியம்!

விளக்கை எங்கே வைப்பது? பக்கத்தில், இன்னும் பக்கத்தில்! மீன் பெட்டியின் அகலம் ஒன்றரை, இரண்டடிதான். பத்தடி தள்ளி வைத்தால் அது மறுபடியும் சின்ன விளக்காகிவிடும். கேமரா ஃபிரேமுக்குள் தெரியாத அளவுக்கு, ஒரு கை தூரத்துக்குக் கொண்டுவாருங்கள். இதில் இன்னொரு லாபமும் உண்டு. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால்வாசி. மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்கு! விளக்கு முகத்துக்கு ஒரு மீட்டரிலும் பின்சுவருக்கு மூன்று மீட்டரிலும் இருந்தால், சுவரில் விழுவது முகத்தில் விழுவதில் ஒன்பதில் ஒன்றுதான். காலண்டரும் ஒட்டடையும் மங்கிப்போய், முகம் மட்டும் முன்னால் வரும். வீட்டை ஒதுங்க வைக்காமலே படம் எடுக்கலாம்!

பல்பு வாங்கும்போது குங்குமச் சிமிழைக் கையோடு எடுத்துப்போங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை! மலிவு எல்.இ.டி. பலவற்றில் சிவப்பு குறைவு. நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதற்காகப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் சி.ஆர்.ஐ. எண், எட்டு வெளிர் நிறங்களின் சராசரி மட்டுமே. அழுத்தமான சிவப்பு அந்தக் கணக்கிலேயே சேராது. நம் தோலுக்கும் உதட்டுக்கும் உயிர் கொடுப்பது அந்தச் சிவப்புதான். குங்குமத்தை வெயிலில் ஒருமுறை, பல்புக்கு அடியில் ஒருமுறை பாருங்கள். பல்புக்கு அடியில் அது செங்கல் பொடி மாதிரி மங்கினால் அந்த பல்பை வாங்காதீர்கள். தக்காளி, சிவப்பு ரிப்பன் எதுவும் சரிதான். வாங்குவதை ஒரே நிறமாக வாங்குங்கள். 3,000 கெல்வின் வார்ம் ஒயிட்டையும் 6,500 கெல்வின் கூல் டேலைட்டையும் கலந்தால் ஒரு கன்னம் மஞ்சள், ஒரு கன்னம் நீலம்.

வீடியோவில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஓடுகின்றனவா? கேமரா கெட்டுவிட்டது என்று பயந்து சர்வீஸ் சென்டருக்கு ஓடவேண்டாம். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. அதனால் மலிவு விளக்குகள் நொடிக்கு 100 முறை மின்னி மின்னி அடங்குகின்றன! கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரிந்துவிடும். ஷட்டரை ஐம்பதில் ஒன்று அல்லது நூறில் ஒன்று என்று வையுங்கள். பட்டை மாயம்! அமெரிக்காவில் மின்சாரம் 60 சுற்று. அங்கே செய்த வீடியோவைப் பார்த்து அறுபதில் ஒன்று வைக்கும் நம் பிள்ளைகள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

வெளிச்சத்தைக் கூட்டுவது மட்டுமா, இருட்டையும் கூட்டலாம்! தாத்தா வைத்திருக்கும் பெரிய கறுப்புக் குடையை விரித்து, முகத்தின் விளக்கில்லாத பக்கத்தில் பிடியுங்கள். சுவரெல்லாம் பட்டுத் திரும்பி வந்த வெளிச்சத்தை அது விழுங்கிக்கொள்ளும். தட்டையாக இருந்த முகத்தில் கன்ன எலும்பு எழும், தாடை எழும். மென்மையான வெளிச்சத்தில் சலிப்பு தட்டுகிறது என்பவர்களுக்கு நான் சொல்வது, விளக்கை மாற்றாதீர்கள், குடையை விரியுங்கள். தளத்தில் தெர்மாகோலின் ஒரு பக்கத்துக்குக் கறுப்பு அடித்து வைத்திருப்பார்கள். இந்தப் பக்கம் திருப்பினால் பகல், அந்தப் பக்கம் திருப்பினால் இரவு!

பெரிய படங்களும் இப்படித்தான் எடுக்கப்பட்டன என்றால் ஆச்சரியமாக இல்லையா? ஒளிப்பதிவாளர் நெஸ்டர் அல்மெண்ட்ரோஸ் கியூபாவில் இருந்த இளவயதில், குடிசைக்கு வெளியே கண்ணாடியை வைத்து வெயிலை உள்ளே திருப்பி வெளிச்சம் செய்தவர். மின்சாரச் செலவு பூஜ்யம்! அவரே பின்னாளில் 'டேஸ் ஆஃப் ஹெவன்' படத்துக்கு ஆஸ்கார் வாங்கினார். இயக்குநர் கூப்ரிக்கின் 'பேரி லிண்டன்' படத்தில் மெழுகுவர்த்தி வெளிச்சத்திலேயே எடுத்த காட்சிகளுக்கு, நாசாவுக்காகச் செய்த, f/0.7 துளை கொண்ட ஜைஸ் லென்ஸ் தேவைப்பட்டது. அதே கூப்ரிக் 1999-இல் வந்த 'ஐஸ் வைட் ஷட்' படத்தில் கிறிஸ்துமஸ் சீரியல் லைட்டையும் காகித உருண்டை விளக்குகளையும் நம்பினார். நம் வீட்டு வாசலில் மார்கழியில் தொங்கும் காகித ஸ்டாருக்குள் ஒரு பல்பு இருக்கிறதே, அது அந்த உருண்டைக்குத் தங்கைதான்! மெக்ஸிகோவில் ராபர்ட் ரோட்ரிகஸ் ஏழாயிரம் டாலரில் 'எல் மரியாச்சி' எடுத்தபோது சக்கர நாற்காலியே டிராலி. மட்டக்களப்புப் பக்கத்து அமிர்தகழியிலிருந்து வந்த நம் பாலு மகேந்திரா, இருக்கிற வெளிச்சத்தை இருக்கிறபடியே மதித்தவர். ஜன்னலோரத்தில் நிற்கவைத்தே எத்தனை முகங்களை நம் நெஞ்சில் பதித்தார்! 'கோகிலா'வுக்கும் 'மூன்றாம் பிறை'க்கும் ஒளிப்பதிவுக்கான தேசிய விருது அவருக்கு வந்தது.

எந்த முகத்துக்கு எந்த விளக்கு வைத்தார்கள் என்பதை நீங்களே கண்டுபிடிக்க முடியும், தெரியுமா? படத்தை நெருக்கக் காட்சியில் நிறுத்திக் கண்மணியைப் பாருங்கள். கருவிழியில் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும். அது அவர்கள் பயன்படுத்திய விளக்கின் உருவமேதான்! வட்டமாக இருந்தால் காகித உருண்டை. வளையமாக இருந்தால் ரிங் லைட். நடுவே கோடு ஓடும் சதுரமாக இருந்தால் ஜன்னல். ஒருமுறை பார்க்கத் தொடங்கிவிட்டால் கதையைவிட்டுக் கண்களையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள், நான் அப்படித்தான் இருக்கிறேன்.

அன்று எடுத்த சொதி வீடியோவை நேற்றிரவு மறுபடி போட்டேன். தேங்காய்ப் பாலை ஊற்றிவிட்டு அத்தை நிமிர்ந்து பார்க்கும் இடத்தில் நிறுத்தி, விரலால் பெரிதாக்கினேன். அவர் கண்ணுக்குள் வெள்ளையாக ஒரு கட்டம். மேலே இரண்டு ஆணி பிடித்த இடத்தில் லேசான சுருக்கம், கீழே மடித்துவிட்ட கரையின் விளிம்பு. மாமாவின் வேட்டி!